ட்ரெய்லருக்குப் பின்னால் ஒரு டார்ச்

செப்டம்பர் 7, 2025. ஞாயிறு

இன்றைக்கும் அதே பாட்டு. விடியும் முன்னே ட்ரெய்லரை ஜிப்சி ஜீப்பின் கொக்கியில் மாட்டும்போது டார்ச்சை இரண்டு தட்டு தட்டினார் இவர். "வெளிச்சம் பத்தல உஷா" என்றார். போன வாரம்தான் புது பேட்டரி போட்டேன். அதற்கு முன்னால் பல்பையும் மாற்றினேன். எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது. மூன்று பேட்டரி போடுகிற ஸ்டீல் டார்ச் அது, கல்யாணமான புதிதில் ஜபல்பூர் மிலிட்டரி கேன்டீனில் வாங்கியது. நம்மைப் போல அதுக்கும் வயசாகிவிட்டது என்கிறார். என்னை எதற்கு அந்தக் கணக்கில் சேர்க்கிறார் என்று கேட்டேன்.

சாயங்காலம் குர்காவிலிருந்து மகள் மது போன் பண்ணினாள். ட்ரெய்லரை எப்போ விக்கறீங்க என்று ஆரம்பித்துவிட்டாள். அவள் பயப்படுவதில் தப்பில்லை. போன ஜனவரியில் பனிமூட்டம். முனிர்காவில் நாங்கள் கடை போடுகிற சந்தில், சௌத்ரியின் காலி மனைக்குள் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுத்தபோது கேட் தூணில் மோதிவிட்டார். நான் பின்னால் டார்ச்சோடு நின்று வழி காட்டிக்கொண்டிருந்தேன். விலகி விழுந்ததில் மணிக்கட்டு போய், மாவுக்கட்டோடு பொங்கல் வைத்தேன். அன்றிலிருந்து மகளுக்கும் அப்பாவுக்கும் ஒரே வழக்கு. இன்னொரு குளிர்காலம் வேண்டாம், கடையை மூடிவிட்டு என்னோடு வந்து இருங்கள் என்கிறாள். இவர் சொல்கிற ஒரே பதில், "அன்னைக்கு லைட் சரியில்ல. நல்ல லைட்டா ஒண்ணு வாங்கிட்டா ஒண்ணும் ஆவாது."

கடைசியில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. குளிர் வருவதற்குள் நல்ல லைட் வாங்கி, அவள் கண்முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் விற்றுவிட வேண்டும்.

விற்பதா? ராணுவத்தில் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனதும், ஏலத்தில் ஒரு பழைய தண்ணி ட்ரெய்லரை எடுத்து, தொட்டியைக் கழற்றிப் போட்டு, தகடு அடித்து, அடுப்பு வைத்து, இவரே கையால் கட்டியது. டெல்லியில் வீடு இருக்கிற பாலம் ஏரியாவிலிருந்து முனிர்காவுக்கு அதை இழுத்துக்கொண்டு போய், படிக்கிற பிள்ளைகளுக்கு இட்லியும் பொங்கலும் தோசையும் போடுகிறோம். குர்காவில் பதினேழாவது மாடியில் உட்கார்ந்து நான் யாருக்குத் தோசை போடுவது?

செப்டம்பர் 8

ராத்திரி தூங்கவில்லை போலிருக்கிறது. போனில் டார்ச் படமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

செப்டம்பர் 14. ஞாயிறு

லைட் சாமான் மார்க்கெட், பகீரத் பேலஸ் போய் வந்தோம். ஹௌஸ் காஸில் மெட்ரோ மாறி, சாந்தினி சௌக்கில் இறங்கி. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக்கூட இவ்வளவு கடை ஏறி இறங்கியிருக்க மாட்டார்.

நமக்கு வேண்டியது என்னவென்று வழியெல்லாம் பேசிக்கொண்டே போனோம். இட்லி ஆவியில் வியர்க்கக் கூடாது. எண்ணெய்க் கையால் பிடித்தாலும் வழுக்கக் கூடாது. ஸ்பீட் பிரேக்கரில் ட்ரெய்லர் குதிக்கிற குதிக்கு உள்ளே எதுவும் ஆடக் கூடாது. கீழே விழுந்தால் எழுந்து வேலைக்கு வர வேண்டும். இதெல்லாம் எனக்கே இருக்கிற குணம் என்றேன். அதற்கு மட்டும் சிரித்தார்.

ஹரிஷங்கர் என்று ஒரு கடைக்காரர். எதை எடுத்தாலும் "ஆர்மி வாலா டார்ச்" என்றார். எங்கள் கண் எதிரிலேயே தரையில் ஓங்கிப் போட்டுக் காட்டினார். இருபத்தாறு வருஷம் ஆர்மியில் இருந்தேன், இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லையே என்று இவர் ஹிந்தியில் சொல்ல, ஹரிஷங்கர் கொஞ்சமும் அசராமல், நீங்கள் ரிட்டையர் ஆனதற்கப்புறம் வந்ததுதான் சாப் என்றார். அந்த வாய்க்காகவே வாங்கலாம். அடியில் காந்தம் வைத்த வொர்க் லைட் ஒன்று வாங்கினோம். அலுமினிய உடம்பு, ரப்பர் விளிம்பு, சார்ஜ் போடுவது. வண்டியின் எந்த மூலையிலும் அப்படியே ஒட்டிக்கொள்ளுமாம். கை ஃப்ரீ.

செப்டம்பர் 15

ஒட்டவில்லை! ட்ரெய்லர் சுவர் முழுக்க அலுமினியத் தகடு, மேடை எவர்சில்வர். காந்தம் எதில் ஒட்டும்? தகடு தகடாக ரிவெட் அடித்தவர் இவர். அதைத் தினமும் தேய்த்துக் கழுவுகிறவள் நான். இரண்டு பேருக்குமே கடையில் அது தோன்றவில்லை. அடுப்புக்கு மேலே வைத்துப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு நேராகத் தேங்காய்ச் சட்னிக்குள் போயிற்று. சட்னிக்குள் இருந்தபடியே எரிந்தது. இவ்வளவு சிரித்து எத்தனை நாளாகிறது! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உழைக்கிற லைட்தான், சந்தேகமில்லை. கழுவித் துடைத்து ஒரு எஸ் கொக்கியில் தொங்கவிட்டேன். எனக்கு உள்ளே பட்டப்பகல் மாதிரி இருந்தது. இவர் மட்டும் வெளியே நின்று பார்த்துவிட்டு, "ம்… இதுவும் பத்தல" என்றார்.

செப்டம்பர் 21

இப்போது நெற்றியில் கட்டுகிற லைட். அதைக் கட்டிக்கொண்டு இட்லி எடுத்துக் கொடுக்கிறார். யாரைப் பார்க்கிறாரோ அவர்கள் கண் கூசுகிறது. பிஎச்டி பண்ணுகிற ஸ்நேகா, "அங்கிள், கடை முடிஞ்சதும் நிலக்கரி வெட்டப் போறீங்களா?" என்று கேட்டாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். ஆனால் கழற்றவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எத்தனை லைட் வாங்கினாலும் குறை லைட்டின் மேல்தான்.

செப்டம்பர் 25

கொலு வைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பக்கத்து பிளாக்கில் ராஜாராமன் சார் வீட்டுக் கொலுவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சுண்டலோடு திரும்பி வரும்போது தெருவிளக்கு எரிகிற ரோட்டிலேயே பழைய டார்ச்சை அடித்துக்கொண்டு நடந்தார் இவர். ஏங்க, பேட்டரி என்ன சும்மா வருதா என்று கேட்டதற்கு, பழக்கம் என்றார்.

பழக்கம்தான். ஜோத்பூர் ஞாபகம் வந்தது. குடும்ப குவார்ட்டர்ஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் வண்டிகள் நிறுத்துகிற மைதானம் தூரத்தில் தெரியும். எக்சர்சைஸ் என்று நாள்கணக்கில் போகிற ராணுவப் பயிற்சி முடிந்து வண்டியை விட்டதும் அங்கேயிருந்தே இந்த டார்ச்சை மூன்று தடவை அணைத்து அணைத்து எரிய வைப்பார். வந்துவிட்டேன் என்று அர்த்தம். நான் உடனே தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். நடந்து வந்து பூட்ஸைக் கழற்றுவதற்கும் முதல் தோசை வேகிறதற்கும் சரியாக இருக்கும். ஒரு தடவை பதினைந்து நாள் எக்சர்சைஸ். மணல் புயல், ஒரு தகவலும் இல்லை. மது கைக்குழந்தை. ஜன்னலை விட்டு நகரவே இல்லை நான். அன்றைக்கு அந்த மூன்று வெளிச்சத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. கல்லில் எண்ணெய் ஊற்ற மறந்து தோசை ஒட்டிக்கொண்டது. அந்தப் பிய்ந்த தோசையைத்தான் சாப்பிட்டார். நன்றாயிருக்கிறது என்றார், பொய்தான்.

அந்த நாளெல்லாம் எவ்வளவு சீக்கிரம் போய்விட்டது.

அக்டோபர் 1. ஆயுத பூஜை

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் ட்ரெய்லரைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து எல்லாம் ஆயிற்று. வீட்டுக்குள் பலகை போட்டுக் கருவிகளை அடுக்கினேன். ஜிப்சி சாவி, வீல் ஸ்பானர், தோசைத் திருப்பி, இட்லித் தட்டு. கூடவே இவருடைய லைட் படை முழுக்க: பழைய டார்ச், காந்த லைட், நெற்றி லைட். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பூஜையில் வைத்ததை நாளைக் காலை வரை யாரும் தொடக் கூடாது. கல்யாணமானதிலிருந்து இது எங்கள் வீட்டில் தவறியதில்லை. பட்டாலியனில் இவர் வண்டிச் சாவியை வைத்துவிட்டு, ஆபீசர் கேட்டும் எடுக்க மாட்டேன் என்று நின்ற கதை உண்டு.

ஏழு மணி இருக்கும், கரெண்ட் போயிற்று. குத்துவிளக்கு ஐந்து முகமும் எரிந்தது. எனக்குக் கூடம் முழுக்கத் தெரிகிறது. பொரித் தட்டு, பழம், படத்துக்குப் போட்ட பூ, எல்லாம். இவர் அறையிலிருந்து வந்தார். சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். கால் பட்டுப் பொரி இறைந்தது. பலகைக்கு முன்னால் வந்து கையை நீட்டினார், டார்ச் பக்கம். நீட்டினவர் நிறுத்திக்கொண்டார். "இன்னைக்குத் தொடக் கூடாது இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இவர் எனக்குக் குங்குமம் வைக்க வேண்டும். சிமிழ் கண்ணெதிரே இருக்கிறது. கை போனது சுண்டல் கிண்ணத்துக்குள். நான் கையைப் பிடித்துச் சிமிழில் வைத்தேன். குங்குமத்தை எடுத்து என் புருவத்தில் வைத்தார்.

இத்தனை மாதமாக எப்போதும் கையில் ஒரு டார்ச் இருந்தது. வீட்டுக்குள், தெருவில், பாத்ரூமில், எங்கேயும். அதனால்தான் எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் அதைத் தொடக் கூடாது என்றதும் தெரிந்துவிட்டது.

லைட்டில் ஒரு குறையும் இல்லை.

அக்டோபர் 2

விடிந்ததும் முதல் வேலையாக டார்ச்சை எடுத்துக்கொண்டார். நான் சந்தனத்தைக் கண்ணாடியில் அப்பிவிட்டேனாம், அதனால்தான் மங்கலாம். துணி வைத்துத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். நான் சந்தனம் வைத்தது அடிக்கட்டையில்.

அக்டோபர் 4. சனி

கேட்டுவிட்டேன்.

மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். நேரே பாருங்க என்று சொல்லிவிட்டு, அவர் வலது பக்கம் தள்ளி நின்று துவைத்த துண்டை உயர்த்தி ஆட்டினேன். தெரியவில்லை. இன்னும் கிட்டே போனேன். தெரியவில்லை. ஏங்க, நான் எங்க நிக்கிறேன் சொல்லுங்க என்றேன். அவ்வளவுதான், கோபம் வந்துவிட்டது. டெஸ்ட் வைக்கிறாயா, மிலிட்டரியில் வருஷா வருஷம் கண் டெஸ்ட்டில் ஒரு எழுத்து விடாமல் படித்தவன் நான், பிரம்மபுத்திரா ஓரத்தில் லைட்டே போடாமல் கான்வாய் ஓட்டினவன் என்று கத்தினார். நானும் கத்தினேன். அப்போ ஏன் சுவத்தைத் தடவிக்கிட்டு நடக்கறீங்க, ஏன் என்கிட்ட சொல்லல, நான் யாரு உங்களுக்கு, வாடகைக்கு இருக்கறவளா? கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மா எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டுமே.

அப்புறம் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர்த் தொட்டி மேலே சாய்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அன்னைக்குத் தூணு தெரியல. பின்னால நீ நின்னதும் தெரியல உஷா. உன் கையில இருந்த டார்ச் மட்டும் தெரிஞ்சிது. அது படக்குன்னு கீழ வுழுந்துச்சு. அப்பதான் பிரேக்க மிதிச்சேன்."

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பெரிய லைட்டா இருந்தா உன்னப் பாத்துடலாம்னு நெனச்சேன்" என்றார்.

இவ்வளவுதான் விஷயம். இத்தனை கடையும் இத்தனை லைட்டும் இதற்குத்தான். அழுதேன். இவரும்தான். துணி பாதி வாளியிலேயே கிடந்தது.

அக்டோபர் 9

ரிட்டையர் ஆன ராணுவக்காரர்களுக்கான பாலிக்ளினிக்கில் எழுதிக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எல்லாம் ஆயிற்று. ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வெளியே உட்கார்ந்திருந்த எனக்குப் பட்டன் சத்தம் கேட்டது. ரொம்ப நேரத்துக்கு ஒரு தடவைதான் கேட்டது.

வழியெல்லாம் இவர், சஃபேத் மோதியாவாக இருக்கும், ஆபரேஷன் பண்ணினால் சரியாகிவிடும் என்று தேறுதல் சொன்னார். புரைக்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள், வெள்ளை முத்து. டாக்டர் அம்மா சின்னப் பெண், மது வயதுதான் இருக்கும். மெதுவாகச் சொன்னாள். காலா மோதியா. கருப்பு முத்து. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரப் பார்வையை ஓரத்திலிருந்தே தின்றுகொண்டு வருமாம். போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம், ஆயுசுக்கும். நேரே பார்ப்பது நன்றாக இருக்கிறது, படிக்கலாம், டிவி பார்க்கலாம். வண்டி ஓட்டக் கூடாது.

"பகல்லகூடவா?" என்று கேட்டார்.

பகலிலும் வேண்டாம் அங்கிள் என்றாள்.

ஜிப்சியை ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் ஓட்டி வந்தேன். மதுவை ஸ்கூலில் விடுவதற்காக அந்தக் காலத்தில் எடுத்த லைசென்ஸ் இப்போது உதவிற்று. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியவில்லை, கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

அக்டோபர் 10

ட்ரெய்லர் மேல் தார்ப்பாய் போட்டு மூடினோம்.

அக்டோபர் 20. தீபாவளி

மதுவும் அர்விந்த் மாப்பிள்ளையும் காலையிலேயே வந்துவிட்டார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்க இவர் எட்டு மணி வரை எழுந்திருக்கவில்லை. வாய்ப் பழக்கத்தில், "இனிமே குளிச்சா என்ன, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. மது என்னையே பார்த்தாள். முதலில் சிரித்தது இவர்தான். "சூரியனுக்குத் தெரியுமா எனக்குக் கண்ணு இருக்குதா இல்லையான்னு, அது பாட்டுக்கு வரும்" என்றார். சிரித்தோம்.

சாப்பிட்டதும் இவரே பேச்சை எடுத்தார். மது ஒரு மோமோக்காரரைப் பார்த்து வைத்திருக்கிறாளாம், ட்ரெய்லரை உடனே எடுத்துக்கொள்ளத் தயார். இவர் எழுந்து போய், ஆணியில் மாட்டியிருந்த ஜிப்சி சாவியைத் தடவி எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார்.

"வித்துடும்மா. ஓட்ட முடியாதவன்கிட்ட வண்டி இருக்கக் கூடாது."

மது அழ ஆரம்பித்தாள். நான் அவள் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.

"நான் ஓட்டறேன்" என்றேன்.

"மம்மி, பாகல் ஹோ கயி ஹோ க்யா?" என்றாள். பைத்தியம்தான். ஜிப்சியை ஓட்டுவது வேறு, பின்னால் ட்ரெய்லரோடு ஓட்டுவது வேறு. அதைச் சௌத்ரி சந்துக்குள் ரிவர்ஸ் எடுப்பது இன்னும் வேறு. அதை விடிவதற்கு முன்னே, பனியில். எனக்கு ஐம்பத்தாறு வயசு.

பழைய ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியாயிற்று. பொங்கலுக்குள் அவள் கண்முன்னால் நான் ரிவர்ஸ் எடுத்துக் காட்டினால் ட்ரெய்லர் எங்களுடையது. முடியாவிட்டால் மோமோக்காரருடையது. இவர் எந்தப் பக்கமும் பேசவில்லை. ராத்திரி சொட்டு மருந்து போடும்போது மட்டும், "ரிவர்ஸ் ரொம்பக் கஷ்டம் உஷா" என்றார். பயமுறுத்துகிறாரா, ஆசைப்படுகிறாரா?

நவம்பர் 2. ஞாயிறு

துவாரகாவில் ஒரு காலி மைதானம். முதல் பாடம். ட்ரெய்லர் ரிவர்ஸில் வலது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்ப வேண்டும். திருப்பின உடனே மறுபடி நேராக்க வேண்டும். இல்லாவிட்டால் மடக்குக் கத்தி மாதிரி மடங்கிக்கொள்கிறது. காலையிலிருந்து மடக்கிக்கொண்டே இருந்தேன்.

இவர் வெயிலில் நின்று கத்துகிறார், எதிர்ப்பக்கம், எதிர்ப்பக்கம் என்று. முப்பது வருஷமாக இவரிடம் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லித்தானே நடத்தியிருக்கிறேன். ட்ரெய்லரும் அவர் ஜாதிதான் போலிருக்கிறது. அப்படி நினைத்துக்கொண்டதும் கொஞ்சம் நேராகப் போயிற்று.

நவம்பர் 16

படுமோசம். ஜிப்சியின் பின் மூலை நசுங்கிவிட்டது. ஸ்டியரிங் மேலே தலையை வைத்து அழுதேன். இவர் வந்து கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஜபல்பூர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லாமலா? ஆம்பூரிலிருந்து வந்து இறங்கிய புதிது. ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. வீட்டுச் சாமான் ஏற்றிய லாரியை ரிவர்ஸ் எடுக்க உதவிக்கு ஆள் இல்லை என்று, புது டார்ச்சை என் கையில் கொடுத்துப் பின்னால் நிறுத்தினார். வரலாம் என்றால் 'ஆனே தோ', நிறுத்து என்றால் 'ரோக்கோ', வேறு எதுவும் சொல்லாதே, எனக்கு அந்த இரண்டும்தான் காதில் ஏறும் என்றார். நான் முதலில் கற்றுக்கொண்ட ஹிந்தி அதுதான். ஒரு மாதம் கழித்துக் காய்கறிக்காரனைக்கூட 'ரோக்கோ' என்றுதான் நிறுத்தினேன். அன்றைக்கு லாரி வாய்க்காலில் இறங்கப் போகிற நேரத்துக்கு, பயத்தில் இரண்டு வார்த்தையும் மறந்து, "ஐயோ அம்மா" என்று கத்தினேன். சரியாக நின்றது.

"அன்னைக்கு நீ கத்துக்கினியே. இன்னைக்கு இது" என்றார். மறுபடி ஒரு தடவை எடுத்தேன். பரவாயில்லை.

நவம்பர் 30

ஐந்து தடவையும் நேராக எடுத்தேன். ஐந்தும். வீட்டுக்கு வந்து எனக்கு நானே பாயசம் வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 14. ஞாயிறு

முனிர்காவுக்கே போய்ப் பார்த்தோம், வெள்ளோட்டம். மது இல்லாமல். விடியவில்லை, பனி. முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்குத் தெரிகிற தூரம்தான் உலகம். சந்து முனை வரை கொண்டுபோய்விட்டேன். ரிவர்ஸுக்காக ஹரிஷங்கரின் காந்த லைட்டை ட்ரெய்லர் பின்னால் கொக்கியில் மாட்டியிருந்தோம். அதைப் போட்டதும் கண்ணாடியில் பார்க்கிறேன், வெள்ளைச் சுவர். பனி மேலே அந்த வெளிச்சம் பட்டுத் திரும்பி என் கண்ணிலேயே அடிக்கிறது. தூண் இல்லை, சந்து இல்லை, ஒன்றுமே இல்லை. இவ்வளவு நல்ல லைட் இவ்வளவு கெட்டதாக இருக்கும் என்று யார் கண்டது.

இவர் இறங்கிப் போய் அதை அணைத்தார். ஸ்வெட்டருக்குள்ளிருந்து பழைய டார்ச்சை எடுத்தார். தடவிக்கொண்டு போய்த் தூணின் உள்பக்கம், சுவரில் முதுகை ஒட்டி நின்றார். எரிய வைத்தார். மஞ்சள் வெளிச்சம், பனிக்குள் ஒரு எலுமிச்சம்பழம் போலத் தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது.

"இது நான் பாக்கறதுக்கு இல்ல உஷா" என்று கத்தினார். "நான் எங்க நிக்கிறேன்னு உனக்குத் தெரியறதுக்கு. இதைப் பாத்துக்கினே வா. ஆனே தோ."

கியர் போட்டேன். கிளட்ச்சை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தேன். போன ஜனவரியில் நான் நின்ற அதே இடம். அவருக்குத் தெரியாமல் என் மேலே வந்தார். எனக்குத் தெரிந்தும் பிசகிவிட்டால்? அவருக்குப் பக்கவாட்டில் வருவதுகூடத் தெரியாதே, எப்படி விலகுவார்?

என்னால் முடியவில்லை. இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வெயில் ஏறும் வரை ரோட்டோரமாக உட்கார்ந்திருந்து, டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

டிசம்பர் 15

மோமோக்காரர் போன் பண்ணினாராம்.

டிசம்பர் 28

எதிர்வீட்டுச் சந்தில் தினமும் பழகுகிறேன். இவர் டார்ச்சோடு நிற்பார், நான் எடுப்பேன். முதல் நாள் பத்தடிக்கு ஒரு தடவை நிறுத்தினேன். இப்போது மஞ்சளை மட்டும் பார்க்கிறேன், வேறு எதையும் பார்ப்பதில்லை. அவர் கையால் தகட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கூட வருகிறார். காதால் கேட்கிறார். டயர் கல்லில் ஏறுகிற சத்தத்தை வைத்து எவ்வளவு தூரம் என்று சொல்கிறார், சரியாகத்தான் இருக்கிறது. நான் இத்தனை வருஷம் அவருக்குப் பின்னால் நின்றபோது என்னை நம்பித்தானே கண்ணை மூடிக்கொண்டு வந்தார். இவரை நம்ப எனக்கு என்ன வந்தது?

டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டேன். காந்த லைட் இனி அடுப்புக்கு மேலே மட்டும். நெற்றி லைட் கொசு மருந்து அடிக்க.

ஜனவரி 11, 2026. ஞாயிறு

மது ராத்திரியே வந்து தங்கிவிட்டாள். விடிகாலையில் கதவைத் திறந்தால் தெரு இல்லை, அவ்வளவு பனி. அவள் என் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம்மா, வேற நாள் பாக்கலாம் என்றாள். பனி இல்லாத நாளில் எடுத்துக் காட்டினால் அது பரீட்சையா? இட்லி மாவை ஏற்று என்றேன்.

சௌத்ரி சந்து. மதுவை ரோட்டில் நிற்கச் சொன்னேன். இவர் போய்த் தூணருகே நின்றார். மஞ்சள் தெரிந்தது. கண்ணாடியில் அதை மட்டும் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் திருப்பி, நேராக்கி, மெதுவாக விட்டேன். "ஆனே தோ… ஆனே தோ…" குரல் நடுங்கவே இல்லை அவருக்கு. எனக்குத்தான் வியர்த்தது, ஜனவரி மாதத்தில். ட்ரெய்லர் தூணைத் தாண்டியது. மஞ்சள் பக்கத்தில் வந்தது, இன்னும் பக்கத்தில், கண்ணாடி முழுக்க வந்தது.

"ரோக்கோ!"

மிதித்தேன். நின்றது. சத்தமே இல்லை.

டார்ச் அணைந்தது. என் உயிரும் அதோடு அணைந்தது. கதவைத் திறந்து இறங்கப் போனேன்.

மறுபடி எரிந்தது. அணைந்தது. எரிந்தது. மூன்று தடவை.

அந்தப் பக்கம் மது, "பாபா என்ன பண்றாரு, டார்ச் கராப் ஆயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தாள். அவளுக்கு எங்கே தெரியும். ஒன்றுமில்லை, பசிக்குதாம் என்றேன்.

ட்ரெய்லர் கதவைத் திறந்து, முதல் வேலையாகத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். எண்ணெய் ஊற்ற மறக்கவில்லை.